பத்துக்குப் பூச்சியம்

என் வேலையில் கடைசியாக அழுத்த வேண்டிய பொத்தானின் பெயர் பப்ளிஷ். பெயரைக் கேட்டால் ஏதோ தண்டோரா போட்டு ஊரைக் கூட்டுகிற காரியம் போலத் தோன்றும். அழுத்திப் பாருங்கள், ஒன்றும் நடக்காது. திரையில் சாம்பல் நிறமாக இருந்த ஒரு பட்டை பச்சையாகும், அவ்வளவுதான். நாகலூரில் என் ஜன்னலுக்கு வெளியே மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் அது பாட்டுக்கு நிற்கும். நான் எழுந்து போய் எனக்கு நானே காப்பி போட்டுக்கொள்வேன்.

சேலத்தில் ஓர் அறக்கட்டளை, படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை அவரவர் வீட்டில் தங்கிப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இணையவழிப் பயிற்சி நடத்துகிறது. பாடம், வீடியோ, தேர்வு எல்லாம் ஒரு தளத்தில் ஏற்றி வைத்திருக்கும். படிப்பவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் போனில் திறந்து படிக்கலாம். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு க்விஸ் வரும். அந்த க்விஸ்களைத் தயாரித்து ஏற்றுவது என் பொறுப்பு. நர்சிங் பள்ளியில் காலமெல்லாம் கத்திப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வகுப்பில் என் குரலுக்குப் பயந்து ஜன்னலில் உட்கார்ந்த காக்காய் பறந்துவிடும் என்பார்கள். இப்போது ஒரு நாளைக்கு என் குரலை நானே கேட்பது அபூர்வம்.

மலையில் வீடு வாங்கியது என் கணவரின் ஆசை. எனக்குச் சேலமே போதும், வெயிலும் கடைவீதியும் பழகிய உடம்பு. ஓய்வு பெற்றதும் ஏற்காட்டுப் பக்கம் போய்விடலாம் என்று பிடிவாதமாக நின்று, நாகலூரில் ஒரு காப்பி எஸ்டேட்டை ஒட்டி இந்தச் சின்ன வீட்டை வாங்கினார். குடிவந்து ஒரு வருஷம்கூட முழுதாக இருக்கவில்லை, மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. ஆசைப்பட்டவர் போய்ச் சேர்ந்தார், ஆசையில்லாதவளிடம் மலை வந்து சேர்ந்தது. அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. விற்றுவிட்டுக் கீழே இறங்கலாமே என்று கேட்கிறார்கள். சேலத்திலும் இப்போது எனக்கென்று யார் இருக்கிறார்கள்?

க்விஸ் தயாரிப்பதை லேசான வேலை என்று நினைப்பவர்கள் கேள்வியைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள். கேள்வி எழுதுவது எளிது, சரியான விடை அதைவிட எளிது. புத்தகத்திலேயே இருக்கிறது. தவறான விடை மூன்று எழுத வேண்டுமே, அங்கேதான் முதுகு ஒடியும். வாய்க்கு வந்ததை எழுதி வைத்தால் படிக்காதவர்கூடச் சரியானதைக் கண்டுபிடித்துவிடுவார். நல்ல மனசுள்ள ஒருவர், அக்கறையோடு, நிஜமாகவே செய்யக்கூடிய தவறாக அது இருக்க வேண்டும். படுக்கைப்புண் வரும் இடம் சிவந்தால் எண்ணெய் போட்டு நீவிவிடுவார்கள், அன்பாகத்தான். நீவினால் உள்ளே சதை இன்னும் கெடும். வாதத்தில் ஒரு கை விழுந்துபோனவருக்குச் சட்டை போடும்போது நல்ல கையை முதலில் நுழைப்பார்கள், சுலபம் என்று. பிறகு விழுந்த கையை முறுக்கித் திணிக்க வேண்டிவரும். இப்படி மாணவிகளோடு வீடுவீடாகப் போனபோது நான் பார்த்த தவறுகளையெல்லாம் விடைகளாக்கினேன்.

ஒவ்வொரு விடைக்கும் கீழே தளத்தில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. படிப்பவர் அந்த விடையைத் தேர்ந்தெடுத்துத் தேர்வை முடித்ததும் அதில் எழுதியிருப்பது அவர் கண்ணுக்குத் தெரியும். எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் எல்லாப் பெட்டியிலும் 'தவறான விடை. மீண்டும் முயற்சிக்கவும்' என்று ஒட்டி வைத்திருந்தார். பார்த்ததுமே எரிச்சல் வந்தது. ஒருத்தி தப்பு செய்தால் ஏன் தப்பு என்று சொல்ல வேண்டாமா? ஏடிஎம் இயந்திரம்கூட இதைவிட மரியாதையாகப் பேசுகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வகுப்பில் எப்படிப் பேசுவேனோ அப்படியே எழுத ஆரம்பித்தேன். 'எண்ணெய் போட்டு நீவோணும்னு உங்களுக்குத் தோணுனதுல தப்பே இல்லீங்க. நம்ம கை சும்மா இருக்காது. ஆனா அந்த எடத்துல மட்டும் கையக் கட்டிக்கிட்டு, ஆளைத் திருப்பிப் படுக்க வைங்க கண்ணு' என்கிற மாதிரி. சரியான விடைக்குக் கீழே 'சரி' என்று மட்டும் போட்டேன். சரியாகச் செய்தவளிடம் வளவளவென்று என்ன பேச்சு?

பயிற்சியை ஒருங்கிணைக்கும் தம்பி சேலத்திலிருந்து போன் செய்து, இலக்கணத் தமிழில் இருந்தால் நன்றாக இருக்குமே என்று இழுத்தார். பிறகு, யார் இதையெல்லாம் படிக்கப்போகிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவரே விட்டுவிட்டார். அவர் சொன்னது உண்மைதான். படிப்பவர்கள் மார்க்கைப் பார்த்ததும் மூடிவிடுவார்கள். ஏற்றுவதற்கு முன், மாணவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்க நானே மாணவராக நுழைந்து க்விஸ் எழுதிப் பார்ப்பேன். வேண்டுமென்றே தப்பான விடையைத் தொட்டு, நான் எழுதியதை நானே படிப்பேன். 'அவசரப்படாதீங்க கண்ணு' என்று திரையில் வரும். இந்த வீட்டில் என்னை யாரோ கண்ணு என்று கூப்பிட்டது அந்த நாட்களில் அது ஒன்றுதான்.

யார் யார் எழுதினார்கள், எத்தனை மார்க் என்கிற பட்டியல் எனக்குத் தெரியும். பெயர் தெரியாது, பதிவு எண் மட்டும் வரும். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம், அதில் உயர்ந்த மார்க்கை எடுத்துக்கொள்வோம் என்பது அப்போது விதி. எல்லோரும் ஆறு, ஏழு என்று ஆரம்பித்து ஒன்பதில் நிறுத்திக்கொண்டார்கள். நாற்பத்தேழு என்று முடியும் ஓர் எண் மட்டும் முதல் தடவை பத்துக்குப் பூச்சியம் வாங்கியது. இரண்டாம் தடவையும் பூச்சியம். மூன்றாம் தடவையும் பூச்சியம். நான்காம் தடவை பத்துக்குப் பத்து. அடுத்த பாடத்திலும் அதே கதை.

முதலில் யாரோ கேலி செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கோபத்தோடு அந்த எண்ணின் விடைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் விடைகளின் வரிசையைத் தளம் மாற்றிப் போட்டுவிடும். அப்படியிருந்தும் இந்த ஆள் ஒரு தப்பை இரண்டாம் முறை தொடவில்லை. முதல் தடவை ஒரு தவறு, அடுத்த தடவை வேறொரு தவறு, அதற்கடுத்து மிச்சமிருந்த தவறு. மூன்றையும் முடித்துவிட்டுத்தான் சரியான விடைக்கு வந்திருந்தது. குருட்டாம்போக்கில் குத்துகிறவருக்குத் தப்பித் தவறி ஒன்றிரண்டு கேள்வியாவது சரியாக வந்துவிடும். பத்துக்குப் பத்து வாங்குவதும் பத்துக்குப் பூச்சியம் வாங்குவதும் ஒன்றுதான். இரண்டுக்கும் எல்லா விடையும் தெரிந்திருக்க வேண்டும்.

நான் எழுதுகிற ஒவ்வொரு பெட்டியையும் யாரோ ஒருவர் விடாமல் திறந்து படிக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. ஏன் என்று தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு நான் நாற்பத்தேழுக்காகவே எழுத ஆரம்பித்தேன் என்பதை மறைப்பானேன். பெட்டிகள் நீண்டன. கஞ்சி கொடுத்ததும் நோயாளியைப் படுக்க வைக்கக் கூடாது, கொஞ்ச நேரம் நிமிர்ந்தே உட்கார வைக்க வேண்டும் என்று எழுதினால், கூடவே அந்த நேரத்தில் நீங்களும் உட்காருங்க, உங்க சோறு ஆறிப்போயிருக்கும் என்று சேர்த்தேன். இங்கே காலையிலிருந்து பனிமூட்டம், எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியவில்லை என்று ஒரு பெட்டியில் எழுதினேன். பிள்ளைக் கிறுக்குதான். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலை முழுக்கக் கூட்டம் வந்து நெட் திணறிய அன்று க்விஸ் ஏறவேயில்லை. என்னவோ வீட்டுக்கு வரச்சொன்ன ஆளைக் காக்க வைத்துவிட்ட மாதிரி பதறினேன். ஏற்றிய பிறகு பிற்பகலில் பட்டியலைத் திறந்து பார்ப்பேன். நாற்பத்தேழு எப்போதும் மத்தியானம் சாப்பாட்டு நேரம் கழித்துத்தான் வரும். பூச்சியம் விழுந்ததும் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

அந்த நிம்மதிக்குத்தான் வேட்டு வந்தது. பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுக்கும் மருத்துவமனைகள், எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதினால் எருமைகூடப் பத்து வாங்குமே என்று கேட்டிருக்கின்றன. நியாயமான கேள்வி. இனி முதல் தடவை எழுதியதுதான் கணக்கு என்று அறக்கட்டளை முடிவு செய்துவிட்டது. தளத்தில் அதற்கு ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் போதும், பழைய தேர்வுகளின் மார்க்கும் சேர்ந்து மாறிவிடும். மாற்றினார்கள். நாற்பத்தேழுக்கு எல்லாப் பாடத்திலும் பூச்சியம் நின்றது.

தம்பி போன் செய்தார். தேறாதவர்களை நீக்கும் பட்டியலை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும், நாற்பத்தேழும் அதில் இருக்கிறது என்றார். அது ஒரு பெண் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சென்னையில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தங்கி, பக்கவாதத்தில் பேச்சுப் போன ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்கிறாள். சான்றிதழ் கிடைத்தால் மருத்துவமனையில் ஷிப்ட் வேலைக்குப் போகலாம், நாலு பேரோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் அந்தப் பூட்டிய வீடுதான்.

"அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமே ஏறலீங்க மேடம்," என்றார் தம்பி.

அவளுக்குத் தெரியாத விடை ஒன்றுகூட இல்லை என்று நான் கத்தினேன். நீண்ட நாளைக்குப் பிறகு கத்தியதில் தொண்டை கரகரத்தது. பூச்சியம் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. போனில் கை பட்டு ஏதாவது அமுங்கியிருக்கும் என்றார். அப்படியே தெரிந்தவளாக இருந்தாலும் யாராவது வேண்டுமென்றே தப்பாக எழுதுவார்களா என்று கேட்டார். அவளையே கேட்டுவிடலாம் என்றால், வேலை நேரத்தில் அவள் போனை எடுப்பதில்லையாம். வெள்ளிவரை பொறுங்கள், நான் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்டேன். ஒரே ஒரு கேள்வி வைத்து ஒரு க்விஸ் செய்து, நாற்பத்தேழுக்கு மட்டும் தெரிகிற மாதிரி பப்ளிஷ் செய்தேன். கேள்வி: நீங்கள் ஏன் முதலில் தவறான விடைகளையே தேர்ந்தெடுக்கிறீர்கள்? விடைகள்: தெரியாததால். போனில் கை தவறுவதால். விளையாட்டுக்கு. நான்காவதாக, இது எதுவும் இல்லை. அதற்குக் கீழே எழுதுவதற்கு ஒரு காலிப் பெட்டி வைத்தேன். பழக்க தோஷத்தில் முதல் மூன்றுக்கும் பதில் எழுதினேன். தெரியாததால் என்பதற்கு, 'எங்கிட்டயேவாங்க?' என்று போட்டேன். கை தவறுவதற்கு, 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், போன் மேல பழி போடாதீங்க' என்று. விளையாட்டுக்கு என்பதற்கு, 'எனக்கும் பொழுது போகாமத்தான் கெடக்குது, ஆனாலும் கோவம் வருமுங்க' என்று.

அடுத்த நாள் மத்தியானம் நாற்பத்தேழு வந்தாள். முதலில் தெரியாததால் என்பதைத் தொட்டாள். திரும்ப வந்து கை தவறுவதைத் தொட்டாள். அப்புறம் விளையாட்டு. மூன்றையும் படித்து முடித்துவிட்டுத்தான் நான்காவதற்கு வந்தாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். காலி வீட்டில் அந்தச் சத்தம் வேறு யாருடையதோ போலக் கேட்டு நானே திடுக்கிட்டேன். பிறகு அவள் பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்தேன்.

'தப்பாப் போட்டாத்தானுங்க நீங்க பேசறீங்க. சரியாப் போட்டா சரின்னு ஒண்ணுதான் வருது. இங்க அய்யாவுக்குப் பேச்சு வராது. அவரு மகன் காலைல போனா ராத்திரிதான் வருவாரு, வந்தாலும் மருந்து குடுத்தாச்சான்னு மட்டும் கேப்பாரு. நான் மாரமங்கலமுங்க. நீங்க எழுதறது எங்கூட்டுல பேசறாப்பல இருக்குது. படிக்கத்தானுங்க தப்பாப் போட்டேன். மன்னிச்சுக்கோங்க.'

மாரமங்கலம் இதே மலையில்தான் இருக்கிறது. இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். அந்த ஊர்ப் பெண் அங்கே சென்னையில் பூட்டிய வீட்டில் என் எழுத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், நான் இங்கே அவளுடைய பூச்சியங்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். அழுகை வந்தது, அழுதேன். என்னைப் பார்க்கத்தான் யாருமில்லையே.

அதைத் தம்பிக்கு அனுப்பினேன். வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டார், குரல் இறங்கியிருந்தது. விதியை மாற்ற முடியாது, ஆனால் கடைசித் தேர்வு ஒன்று பாக்கி இருக்கிறது, அதில் முதல் தடவையே தேறிவிட்டால் பழைய பூச்சியங்களை விட்டுவிடலாம் என்று மேலே பேசி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார்.

"ஆனா அதுலயும் பழையபடி தப்பாப் போட்டுச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க மேடம்," என்றார்.

எனக்கும் அதே பயம்தான். அவள் எழுதிய பெட்டியின் அடியில் ஆசிரியர் குறிப்பு எழுதும் இடம் இருந்தது. முதல் தடவை மட்டும்தான் கணக்கு, இந்த முறை முதலிலேயே சரியாகப் போடுங்கள் கண்ணு, பேச்சை அந்தப் பக்கம் மாற்றி வைக்கிறேன் என்று எழுதினேன். பார்ப்பாளா என்று தெரியாது. பார்த்தாலும் பழகிய விரல் கேட்குமா என்றும் தெரியாது.

கடைசித் தேர்வைத் தலைகீழாகத் தயாரித்தேன். தவறான விடைகளுக்கெல்லாம் 'தவறு' என்று ஒற்றை வார்த்தை போட்டேன். சரியான விடைக்குக் கீழே எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அது எவ்வளவு கடினம் என்று. தப்பு செய்தவரிடம் பேச ஆயிரம் இருக்கிறது. சரியாகச் செய்தவரிடம் என்ன பேசுவது? என் கணவர் இந்த வீட்டுக் குழாய்களையும் கூரை ஓடுகளையும் சரிசெய்தபோதெல்லாம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஒழுகியபோது மட்டும் பேசினேன். காலையில் ஆரம்பித்து விளக்கு வைக்கும்வரை பத்துப் பெட்டிகளை எழுதினேன். பேச்சு வராதவரிடம் எதிரில் உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரே கேள்வியாக, ஆமாம் இல்லை என்று தலையசைக்கிற மாதிரி கேட்க வேண்டும் என்பது ஒரு விடை. அதற்குக் கீழே, 'நீங்க தெனமும் இதத்தான் பண்ணிக்கிட்டு இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. அய்யா தலையாட்டறப்ப அது பதில் மட்டும் இல்லீங்க, நீங்க வந்து உக்காந்ததுக்கு நன்றியுமுங்க' என்று எழுதினேன். எல்லாம் முடிந்தபின் பதினோராவதாக, எதாவது கேட்கணும்னா இங்கே கேளுங்க என்று ஒரு காலிப் பெட்டி வைத்தேன்.

மறுநாள் காலை ஒரு கிளை ஒடிந்து விழுந்து நெட் கேபிள் அறுந்துபோயிருந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தில் இருக்கும் பாய் கடைக்கு நடந்தேன், அங்கே போனில் சிக்னல் நன்றாக வரும். பாய் அரிசி மூட்டையை நகர்த்தி இடம் செய்து கொடுத்து, டீச்சர் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். எனக்கு இன்று பரீட்சை என்றேன். டீ போட்டுக் கொடுத்தார். பப்ளிஷ் செய்துவிட்டு, மத்தியானம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நாற்பத்தேழு அவள் நேரத்துக்கு வந்தாள். பட்டியலில் அவள் எண்ணுக்கு நேரே 'எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று வந்தது. வழக்கமாகச் சட்டென்று முடிப்பவள், வெகுநேரம் முடிக்கவில்லை. ஒவ்வொரு கேள்வியிலும் அவள் விரல் எதன் மேல் நிற்கிறதோ என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் டீ ஆறி ஆடை கட்டிக் கிடந்தது.

பத்துக்குப் பத்து வந்தது. தம்பிக்கு போன் செய்து சொன்னேன், அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவள் அதோடு விடவில்லை. இரண்டாம் தடவை எழுதினாள், பத்துக்குப் பத்து. மூன்றாம் தடவையும் பத்துக்குப் பத்து. தவறுகளின் பக்கம் அவள் போகவே இல்லை.

பதினோராவது பெட்டியை வீட்டுக்கு வந்துதான் திறந்தேன். அதற்குள் கேபிளை ஒட்டவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வேலை எப்போது கிடைக்கும், சான்றிதழ் தபாலில் வருமா என்று கேட்டிருப்பாள் என்று நினைத்தேன். ஒரு வரிதான் இருந்தது.

'ஏனுங்க, நீங்களும் ஒண்டியாத்தான் இருக்கீங்களா?'

நான் எங்கேயும் அதைச் சொன்னதில்லை. பனி என்று எழுதியிருக்கிறேன், மழை என்று எழுதியிருக்கிறேன், பொழுது போகவில்லை என்று எழுதியிருக்கிறேன். இவ்வளவு பெட்டிகளை இவ்வளவு நீளமாக எழுதுகிறவளுக்கு வீட்டில் பேச ஆளிருக்காது என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். கணவர் போனதிலிருந்து யாரும் என்னை இப்படி நேராகக் கேட்டதில்லை.

எழுதிய பதிலுக்கு மதிப்பெண் போடாமல் தளம் அந்தப் பக்கத்தை மூட விடாது. முழு மதிப்பெண் போட்டேன். குறிப்பு எழுதும் இடத்தில் 'சரி' என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தவில்லை.